ஜனாஸா வண்டிப் பற்றுச்சீட்டு

ஏறாவூர்
03.09.2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கேட்ட பில்லை, லீவு முடிந்து அங்கே வரும் பஸ்லான் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். கம்பனிக் காப்புறுதி ஊரிலிருக்கும் பெண்சாதிக்கும் அம்புலன்ஸ் காசு தருமென்று கேட்டதிலிருந்து உம்மாவுக்கு ஒரே சந்தோசம். எனக்கு வந்தது சும்மா மூச்சு முட்டும் இழுப்பு. அரசாங்க அம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றப் போயிருந்ததால், பள்ளிவாசல் வண்டியில் நேரே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாளே திரும்பி வந்து மீன் கழுவினேன். நீங்கள் வழமைபோல் ஊரைக் கூட்டாதீர்கள்.

மகள் அம்னாவுக்குக் கட்டும் வீட்டில் இனிக் கூரைதான் மிச்சம். புது ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தால், அவளுடைய கலியாணத்துக்கு முன் முடித்துவிடலாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அஸீமா

தோஹா
17.09.2024

என் அஸீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இன்று காலை மனேஜர் என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தோளில் கைவைத்து, நீ மௌத்தானதற்கு ஆறுதல் சொன்னார்! எல்லாம் நீ அனுப்பி, நான் பார்க்காமலே நீட்டிய பற்றுச்சீட்டால். அதன் தலைப்பில் ‘ஜனாஸா வாகன சேவை’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது. காப்புறுதிக்காரர் உன் மரணச் சான்றிதழைக் கேட்கிறார்கள். பத்து மணிக்கு உனக்குப் போன் எடுத்து, நீ ‘ஹலோ’ என்றதும் வைத்துவிட்டேனே, அது இதனால்தான்.

உயிரோடு இருப்பவருக்குக் காசு தருவதென்றால் வேறு கேள்விகள் உண்டாம். உண்மையில் அவசரமா? வண்டியில் ஒட்சிசன் இருந்ததா? ஓட்டோவில் போயிருக்க முடியாதா? இதற்கெல்லாம் டொக்டர் கடிதம் வேண்டும். சும்மா இழுப்புக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள். கெதியாக அனுப்பு.

இர்ஷாத்

ஏறாவூர்
29.09.2024

அன்பு மச்சானுக்கு,

மௌத்தானவள் எழுதுகிறேன், பயப்படாதீர்கள். பள்ளியில் இருப்பது ஒரே வண்டி. நோயாளிக்கும் அதுதான், மையித்துக்கும் அதுதான். அன்று அம்புலன்ஸ் புத்தகம் முடிந்துபோனதால், சாரதி நிஸ்தார் காக்கா கையில் கிடந்த ஜனாஸாப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துத் தந்துவிட்டார். நேற்றுப் போய் நன்றாக ஏசினேன். “நீ உசிரோட வந்து ஏசுறதே எனக்குப் பெரிய சந்தோசம் புள்ள” என்று சிரிக்கிறார்.

புதுப் பற்றுச்சீட்டும் டொக்டர் கடிதமும் ஒட்டிய உறைக்குள் இருக்கின்றன. பிரிக்காமல் அப்படியே கொடுங்கள். டொக்டர்மார் பில்லுக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள்.

உங்கள் அஸீமா

தோஹா
15.10.2024

அஸீமா,

காசு வந்துவிட்டது. உறையை நான் பிரிக்கவில்லை. மனேஜர்தான் பிரித்து எனக்கு முன்னாலேயே வாசித்தார். இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவையாம். கொண்டுவரும்போது உனக்கு நினைவில்லையாம், உதடு நீலமாம். வண்டியில் ஒட்சிசன் இல்லாதிருந்தால் ஆள் தப்பியிராதாம்.

ஏன் புள்ள, முகம் தெரியாத காப்புறுதிக்காரனுக்கு உண்மையும் எனக்கு மீன் கழுவின கதையுமா? உன்மேல் கோபம்தான். ஆனால் மனேஜர் முன்னால் அழுதுவிட்டேன்.

முப்பதாம் திகதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைப்பதா, விடுவதா? போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு நல்ல பெண்சாதியின் பதில் வேண்டாம். உள்ளதை எழுது.

இர்ஷாத்

ஏறாவூர்
20.10.2024

மச்சான்,

முதல் இரண்டு தடவையும் ஓட்டோவில் போய் வந்தேன். உங்களுக்குச் சொல்லக்கூடாதென்று உம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். தெரிந்தால் வேலையை விட்டு வந்துவிடுவீர்கள், கூரை நின்றுவிடும் என்று பயம்.

அன்று வண்டி தன்னாமுனையைத் தாண்டும்போது, “கலிமாவச் சொல்லு புள்ள, கலிமாவச் சொல்லு” என்று, மௌத்தாகப்போகும் ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிஸ்தார் காக்கா முன்னாலிருந்து கத்தினார். எனக்கு வாய் வரவில்லை. நான் சுகமாக இருப்பதாக நம்பிக்கொண்டு நீங்கள் அங்கே வேலை செய்துகொண்டிருப்பீர்களே, அது மட்டும்தான் நெஞ்சில் ஓடியது. அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

நேற்று அம்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “தகரத்தப் போட்டு மூடுங்க உம்மா. வாப்பா வந்தாப் போதும்” என்கிறாள்.

நீங்கள் வெளிநாடு போன இந்தப் பதினொரு வருடத்தில் இதை நான் ஒரு தடவையும் எழுதியதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். கையெழுத்து வைக்காதீர்கள். வாருங்கள்.

அஸீமா