ஆளுக்குப் பாதி மூடி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அங்கே நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். கிரேன் மேலே ஏறும்போது மனதை வேறெங்கும் விடாதீர்கள். இங்கே நானும் சின்னவளும் இருக்கிறோம். அவளுக்கு நாலு நாளாகச் சளி, இருமல். பயப்படாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆரம்பித்ததுமே அழுதுவிடுவேன், நீங்களும் முழுதாகக் கேட்க மாட்டீர்கள். அதனால்தான் தையல் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சூப்பர்வைசர் அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெரியவன் போனதிலிருந்து இங்கே யாரும் என்னை அதட்டுவதில்லை.

நீங்கள் அனுப்பிய புகார்த் தாள் வந்து ஒன்பது நாளாகிறது. வீரியமில்லாத மருந்தைக் கொடுத்து வெந்நீர் டாக்டர் நம் பிள்ளையைக் கொன்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்ததே நாம்தானே. எந்தச் சளிக்குப் போனாலும் வெந்நீர் கொடுங்கள், தானாகச் சரியாகும் என்பார். ஆன்டிபயாட்டிக் எழுதுங்கள் என்று நீங்கள் மல்லுக்கு நிற்பீர்கள், நான் மூக்கைச் சிந்துவேன், மனுஷி அசையவே மாட்டார். வெறுங்கையோடு திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்ப்போம்.

அந்தத் தடவை இரண்டு பேருக்கும் இருமல், பெரியவனுக்குக் காய்ச்சலும். பெரியவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நெஞ்சில் தொற்று இறங்கியிருக்கிறது என்று சொல்லி, நான் கேட்காமலேயே ஆன்டிபயாட்டிக் எழுதினார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்ததுங்க. சின்னவளுக்கு வெறும் சளி, மருந்தே வேண்டாம் என்றார். பெரியவனுக்குக் காலையும் ராத்திரியும் ஒரு முழு மூடி, ஐந்து நாள், மூன்றாம் நாள் கட்டாயம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

நான் ஆளுக்குப் பாதி மூடி கொடுத்தேன்.

பொடியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கும்போதே இரண்டும் சமையல் மேடை பக்கம் வந்து நின்றன. ஆரஞ்சு வாசனை. சின்னவள் எனக்கு, எனக்கு என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். இவளும்தானே இருமுகிறாள், அந்த அம்மாவிடமிருந்து நல்ல மருந்து கிடைப்பதே அபூர்வம், ஒருத்தனுக்கு ஊற்றிவிட்டு இன்னொன்றை வேடிக்கை பார்க்க வைப்பதா என்று தோன்றியது. ஒரு பிஸ்கட்டைக்கூட நாம் சரிபாதியாக உடைத்துக் கொடுத்துத்தானே வளர்த்தோம். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. பாதியே போதும் போல என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது, மூன்றாம் நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், மூச்சு விடும்போது அவன் விலா உள்ளே உள்ளே இழுத்ததைப் பார்த்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மருந்தைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, முழுசாகக் குடித்தும் கேட்கவில்லையே என்று கதறினீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பாவி நான்.

நேற்று முன்தினம் சின்னவளைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். உங்கள் தாளைப் பற்றியும் சொன்னேன், பாதி மூடியையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முழுசாகக் கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். பிறகு சின்னவளைப் பார்த்துவிட்டு, இது வெறும் சளிதான், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், மூச்சு வேகமாக வாங்கினால் மட்டும் உடனே கொண்டு வா என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அவள் கண்ணயரும்போதெல்லாம் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் இதையெல்லாம் கொட்டும்போது அவள் என் மடியில்தான் இருந்தாள். ஆறு வயதுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்துவிட்டேன். நேற்றுத் தலை வாரிவிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"அம்மா, நான் மருந்து கேக்காம இருந்திருந்தா அண்ணன் செத்திருக்க மாட்டானா?"

தப்பு அம்மாவுடையது, உன்னுடையது இல்லை என்று கட்டிக்கொண்டு சொன்னேன். எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். நேற்றிலிருந்து தட்டில் எதை வைத்தாலும் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துபோகிறாள்.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. திட்டுங்கள், காலம் முழுக்கப் பேசாமல் இருங்கள், தாங்கிக்கொள்வேன். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே போன் போட்டுவிடுங்கள். என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். உன்னால் இல்லடா என்று நீங்கள் அவளிடம் சொல்லுங்கள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். உங்கள் அழுகை அடங்கிய பிறகு பேசுங்கள். குரலில் என் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் தெரிந்தாலும், அது தன் மேல்தான் என்று எடுத்துக்கொள்வாள்.

உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே இருக்கும்,
சின்னவளின் அம்மா