நிமிர்ந்தால் நெருக்கும் நார்

நவம்பர் 12, செவ்வாய்

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வீட்டுக்காரருடைய ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்புகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கிற நார்களில் ஒன்று மஞ்சள் நிறமாம். நரம்புகளுக்குப் பின்பக்கம் இருக்கிறதாம். கீழ்முதுகில் இவருக்கு அது தடித்துவிட்டது. நிமிர்ந்தால் உள்ளே மடிந்து நரம்பை நெருக்குகிறது. குனிந்தால் இழுபட்டு இடம் விடுகிறது.

நாள் முழுக்கத் தறியில் குனிந்து நெய்கிற மனுஷன், சேவூர் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதற்குள் எதற்கு அத்தனை இடத்தில் உட்கார்ந்தார் என்று இப்போது புரிகிறது. சைக்கிள் மேல் சாய்ந்து தள்ளிக்கொண்டு போனால் மட்டும் வலிக்காது. நடிப்பு என்று தெருவில் பேசினார்கள்.

ஆபரேஷன் என்றதும், "தறியில உக்காந்தா வலி இல்லியே, இன்னாத்துக்குங்க அது?" என்று கேட்டார்.

"நடக்க வேணாங்களா?" என்றார் டாக்டரம்மா. இவர் ஸ்கேன் படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஜனவரியில் மகள் ஜெனிக்குக் கல்யாணம். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை அப்பாதான் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு, "வாப்பா, நடந்து பாக்கலாம்" என்று ஜெனி கையை நீட்டினாள். வாசலிலிருந்து சமையலறை வரை வந்தார்கள். திரும்பும்போது பாதியில் நின்றுவிட்டார்.

"சைக்கிள தள்ளிகினு வந்தா உங்க பாஸ்டரு ஒத்துப்பாரா?" என்றார்.

ஜெனி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மட்டும் அவள் கையை விடவில்லை.

படுக்கும்போது பார்த்தேன். அவர் பிடித்திருந்த இடம் அவள் முழங்கைக்குக் கீழே சிவந்து கிடந்தது.

ஆபரேஷனுக்கு நாள் கேட்டுக் காலையில் போன் பண்ணணும். அவரைக் கேட்கப் போவதில்லை.