மாரித்தாயின் கொம்பொடிந்த பசுவை நேரில் காட்டக் கோருதல்

அனுப்புநர்
செ. மீரா முகைதீன்,
மாட்டுத் தீவன வியாபாரம்,
மெயின் பஜார், பத்தமடை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: அழிந்துபோன காட்டு மாட்டினத்தை மீண்டும் பிறக்க வைப்பதாகச் சொல்லிக் கொண்டுபோன பசுவை, உரியவர் பார்க்க விடாமல் அடைத்து வைத்திருப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் மாரித்தாயின் பசுவைச் சென்ற ஆவணியில் ஆதியுயிர் ஆய்வகத்தார் கொண்டுபோனார்கள். இன்றுவரை அவர் கண்ணில் காட்டவில்லை. கணவர் இல்லாத அவருக்கு அந்த ஒரு மாடுதான் பிழைப்பு.

2. ஆற்றங்கரையில் தோண்டிய பழைய தாழி ஒன்றில் கிடைத்த எலும்பில் மரபணு எடுத்து, இப்போது உலகத்திலேயே இல்லாத காட்டு மாட்டின் கருவை உண்டாக்கியிருப்பதாகவும், அதைச் சுமக்க நாட்டுப் பசு தேவை என்றும் அவர்கள் மேலாளர் கணேஷ்ராம் சொன்னார். தங்கள் மாட்டுக் கொட்டகைக்குத் தீவனம் என் கடையில்தான் எடுத்தார். அந்தப் பழக்கத்தில் நான் மாரித்தாயிடம் பேசினேன். "அண்ணாச்சி சொன்னா சரிதான்" என்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

3. மாட்டுப் பொங்கலன்று பசுவைப் பார்க்க மஞ்சளும் மாலையுமாகப் போன மாரித்தாயை, கிருமி தொற்றும் என்று கன்னடியன் கால்வாய் ஓரத்துக் கொட்டகை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். மாலையை வாசல் கம்பியில் கட்டிவிட்டு வந்தார்.

4. தை பிறந்ததில் இருந்து கணேஷ்ராம் என்னிடம் தவிடும் வாங்கவில்லை, புண்ணாக்கும் வாங்கவில்லை. பக்கத்து ஊர்க் கடைகளிலும் விசாரித்தேன், அங்கேயும் இல்லை. சினை மாடு வைத்திருப்பவர் தீவனத்தைக் கூட்டுவாரா, நிறுத்துவாரா? கேட்டதற்கு, "மரபணு விஷயம் உமக்குப் புரியாது வே, போய் மூட்டையைத் தையும்" என்றார். எனக்கு மரபணு தெரியாதுதான். மாடு இருந்தால் தீனி போகும் என்பது தெரியும்.

5. நான் விடாமல் நெருக்கியதும் இதுதான் அந்தப் பசு என்று செல்போனில் ஒரு படம் காட்டினார். நிறம் அதே செவலை. இரண்டு கொம்பும் முழுசாக இருந்தன. மாரித்தாயின் பசுவுக்கு இடக்கொம்பு பாதியில் ஒடிந்தது, தெருவே அறியும். செத்த இனத்தை எழுப்புகிறவர்கள் ஒடிந்த கொம்பையும் முளைக்க வைத்தார்களா, அல்லது மாடு கைமாறிவிட்டதா என்பதை ஐயா அவர்கள்தான் விசாரிக்க வேண்டும்.

6. ஆகவே கால்நடை மருத்துவர் ஒருவரோடு மாரித்தாயையும் அனுப்பி, கொட்டகையைத் திறந்து பார்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மருத்துவர் கருவைப் பார்க்கட்டும். மாரித்தாய் கொம்பைப் பார்க்கட்டும். தாமதித்தால் வெறும் கொட்டகைதான் மிஞ்சும் என்று அஞ்சுகிறேன்.

7. என் கடையில் வைத்துப் பேசியது இவ்வளவுதான்: கன்று அவர்களுக்கு. ஈனும் வரை தீவனம் அவர்கள் பொறுப்பு. ஈன்ற பிறகு பால் மாரித்தாய்க்கு. மாடு என்றைக்கும் மாரித்தாய்க்கு.

இடம்: பத்தமடை
நாள்: 12.02.2026

இப்படிக்கு,
செ. மீரா முகைதீன்

மாட்டுக்காரர் ஒப்பம்:
மாரித்தாய்