பாறை வளைவிலிருந்து வந்த உன் பெயர்

என் பவுனு அம்மா,

நீ ஜீப் கவிழ்ந்து சாகவில்லை. கவிழ்ந்த பிறகும் நீ பேசிக்கொண்டிருந்தாய். கீழே கம்பம் ஊரில் ஆஸ்பத்திரி இருந்தது, வண்டி இருந்தது, கூப்பிட்டால் ஓடிவர ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட வழிதான் இல்லை. அந்த வழியை உங்களுக்குக் கொடுக்காமல் விட்டவர்கள்தான் உன்னைக் கொன்றார்கள்.

உன் நினைவுநாளுக்கு வருஷாவருஷம் சித்தி போஸ்டர் ஒட்டுவாள். ரேஷன் கார்டில் இருந்த உன் போட்டோவைப் பெரிதாக்கி, கீழே ‘கண்ணீருடன்’ என்று போடுவாள். இந்த வருஷம் நான்தான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணீர் இல்லை அம்மா, செய்தி இருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

உன் பெயர் பாறை வளைவிலிருந்து கீழே வந்துவிட்டது!

பொறு, முதலிலிருந்து சொல்கிறேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். படிக்க வைப்பது சித்தி. இன்றைக்கும் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். அதே ரோடு, நீங்கள் விழுந்த அதே பாறை வளைவு, அதே எஸ்டேட். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் இப்போதும் இருபது பேர்.

செல்போன்தான் வந்துவிட்டதே என்று கேட்பாய். மீன் விற்கிறவர் கையிலும் இருக்கிறது. அடிவாரம்வரை நம் டவர், மலையுச்சி மெட்டுக்கு ஏறிவிட்டால் கேரளா டவர். நடுவில் பாறை வளைவில் ஒரு கோடுகூட வராது. அந்த ரோட்டில் போகிறவர்கள் யார் என்று டவர் வைக்கிறவர்களுக்குத் தெரியாதா?

நான்காவது செமஸ்டரில் ஒருநாள் எங்கள் சார், ரேடியோவில் அனுப்பும் செய்தி வழியில் எப்படிச் சாகிறது என்று நடத்தினார். மலையும் கட்டடமும் இருக்கும் இடத்தில் அலை நேராக வராது. எதிர்ப்பாறையில் பட்டு ஒரு வழியில் வரும், மரங்களில் பட்டு இன்னொரு வழியில் வரும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் பலம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கேட்பவனுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஒரு முழம் தள்ளி நின்றால் திரும்பக் கிடைக்கும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர் பாறை வளைவைப் பற்றித்தானே பேசுகிறார்?

அதற்கு மருந்தும் சொன்னார். செய்தியை ஒன்று, பூஜ்யம் என்ற பிட்டுகளாக்கி, நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு நாலுக்கும் மூன்று சாட்சி பிட்டுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த ஏழும் ஒரு குடும்பம். வழியில் ஏழில் ஒன்று கெட்டால், மற்ற ஆறும் சேர்ந்து எது கெட்டது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். இரண்டு கெட்டால் முடியாது. ஆனால் மலை ஒன்றொன்றாகவா கெடுக்கும்? சேர்ந்தாற்போல் பத்து பதினைந்தை வாரிக்கொண்டு போகும். அதனால் ஒரு குடும்பத்துப் பிட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அனுப்பக் கூடாது. பிரித்து, வெவ்வேறு வரிசையில் மற்ற குடும்பங்களோடு கலந்து அனுப்ப வேண்டும். ஒரு வரிசை முழுசாகப் போனாலும், ஒரு வீட்டுக்கு ஓர் இழப்புதான்.

நான் பக்கத்தில் இருந்த நசீமாவின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். உத்தமபாளையத்துப் பெண். என் புராஜெக்ட் கூட்டாளி, நான் திட்டினால் திருப்பித் திட்டுகிற ஒரே ஆள்.

“ஏண்டி, பேய் பிடிச்சிருச்சா?”

“எங்கம்மா என்னைய ஏன் மடியில உக்கார விடலைன்னு இப்பத்தான்டி தெரியுது.”

ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூட லீவில் காய் எடுக்க என்னையும் கூட்டிப்போவாய். நீ ஒரு வண்டி, சித்தி ஒரு வண்டி, நான் பக்கத்து வீட்டு அக்காவோடு மூன்றாவது வண்டி. உன் மடியில்தான் உட்காருவேன் என்று ஒருநாள் டயரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஒரே வீட்டு ஆளுக ஒரே வண்டியில ஏறக்கூடாது, ஏறு அங்கன” என்று முதுகில் ஒன்று வைத்தாய். மலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் ஏறினார்கள். சித்தி மட்டும் கிண்டல் செய்வாள்: “மாமியா மருமகளுக்கு இதெல்லாம் சொல்லித்தரணுமாக்கும்? அவளுக ஒரே வண்டியில ஏறினாத்தான் அதிசயம்.” எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கோ, உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே தோன்றும்.

ஒரு வீட்டுக்கு ஓர் இழப்பு. அதற்கு மேல் வீடு தாங்காது. நீங்கள் பயத்தில் போட்ட விதி அது. வண்டி விழாது என்று உங்களுக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை, அதனால் விழுந்தால் யார் மிஞ்சுவது என்பதையாவது நீங்களே முடிவு செய்தீர்கள். இருபது பேரை ஏற்றாதே என்று கேட்க முடியாதவர்கள், அந்த இருபது பேர் எந்த இருபது என்று மட்டும் பார்த்துக்கொண்டீர்கள். வகுப்பில் எனக்கு வந்த சந்தோஷம் சாயங்காலத்துக்குள் கோபமாகிவிட்டது. இழப்பைப் பங்கு போட்டுக்கொண்டது முழுக்க நாம்தானே? எஸ்டேட்காரர்கள் எந்த வண்டியில் ஏறினார்கள்?

அந்தக் கோபத்தில்தான் புராஜெக்ட் பிறந்தது. ஜீப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் செய்தி கீழே வர வேண்டும். வந்ததும் கீழிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் போகும், பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எரியும்வரை பெட்டி விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிசீவரைக் கம்பம் ஊரில், நசீமா பெரியத்தா என்று கூப்பிடும் அவள் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் வைத்தோம். பெட்டியை வைக்க, சித்தி போகிற ஜீப்பின் டிரைவர் தவமணி அண்ணன் சம்மதித்தார். சோதனைக்கு அனுப்புகிற வார்த்தையாக உன் பெயரைப் போட்டேன். வேறு எதைப் போடுவேன்?

முதல் தடவை குப்பை வந்தது. அலை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று அனுப்பினோம், அதுதான் தப்பு. ‘இல்லை’ என்பதையே ஓர் எழுத்தாக வைத்தால் மலையும் தன் பங்குக்கு எழுத ஆரம்பித்துவிடும். பெரியத்தா திரையை எட்டிப் பார்த்தார்: “இதுக்குத்தானா தண்ணித் தொட்டி மேல ஏறி ஓட்டை போட்டீக? கேபிள் டிவியாச்சும் தெரியுமா இதுல?”

மாற்றினோம். ஒன்றுக்கு ஓர் அதிர்வெண், பூஜ்யத்துக்கு இன்னோர் அதிர்வெண். சரிவில் நின்று நீ சித்தியைக் கூப்பிடும் குரல் மாதிரி. சத்தம் எவ்வளவு தேய்ந்து வந்தாலும், மேலே இழுக்கிறாயா கீழே இழுக்கிறாயா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சாட்சி பிட்டுகளைச் சேர்த்தோம், வீடு வீடாகப் பிரித்துக் கலந்தோம். மறுநாள் காலை வண்டி ஏற ஏற, பொத்தானை அழுத்த அழுத்த உன் பெயர் வந்துகொண்டே இருந்தது, பாறை வளைவைத் தாண்டும்போதும்! நான் மாடியில் குதித்தேன். நசீமா குதிக்கவில்லை.

“ஓடுற வண்டியில இருந்து எவடி உதவி கேக்கப்போறா?” என்றாள். “நிப்பாட்டச் சொல்லு.”

அடுத்த நாள் தவமணி அண்ணன் வளைவில் நிறுத்தினார். ஒன்றும் வரவில்லை. ஓடுகிற வண்டி ஒரு நொடி அலை கிடைக்காத இருட்டில் இருக்கும், மறுநொடி வெளிச்சத்துக்கு வந்துவிடும், கலந்து அனுப்பிய தந்திரம் அங்கே வேலை செய்தது. நின்ற வண்டி இருட்டிலேயே நிற்கும். விழுந்த வண்டியும் அப்படித்தானே அம்மா, நகராதே? அப்படி நின்றால் எல்லா வரிசையும் சேர்ந்து போகும், எப்படிப் பிரித்து என்ன பிரயோசனம்? அன்று சாப்பிடவில்லை. சித்தி தட்டை என் பக்கம் தள்ளிவைத்து, “உங்கம்மா மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா சிக்னல் வந்துருமா ஆத்தா?” என்றாள்.

ஒரு முழம் தள்ளினால் கிடைக்கும் என்று சார் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜீப்பைத் தள்ள முடியாது. கேட்கிற காதைத் தள்ளலாமே! தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்கெனவே ஓர் ஆன்டெனா இருந்தது, மாடியின் எதிர்மூலையில் இன்னொன்றை மாட்டினோம். ஒன்று இருட்டில் இருந்தால் மற்றதும் அதே நேரத்தில் இருட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. எது தெளிவாகக் கேட்கிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்ளும்.

அதை மாட்டிய மறுநாள் வண்டி வளைவில் நின்றது. திரையில் இரண்டு வரி தெரியும்படி வைத்திருந்தோம். மேல்வரி வந்தது வந்தபடி, கீழ்வரி திருத்திய பிறகு. மேல்வரியில் உன் பெயர் குதறப்பட்டிருந்தது, பாதி எழுத்து வேறு ஏதோ. நசீமா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழ்வரியில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. ப. வு. ன். தா. ய்.

முழுசாக. ஒரு கீறல் இல்லாமல். ஒரு சத்தமும் வராத இடத்திலிருந்து.

பச்சை விளக்கு எரிந்ததும் ஜீப்பில் இருந்த பெண்கள் குலவை போட்டார்களாம். சாயங்காலம் தவமணி அண்ணன் வந்து சொன்னார்: “ஏ புள்ள, உங்க சித்தி இருக்காகளே, பொத்தான விடவே மாட்டேனுட்டாக. மேல தோட்டத்துல கங்காணி லேட்டுன்னு கத்திக்கிட்டு நிக்கிறான், இவுக இங்கன அழுத்திக்கிட்டே இருக்காக.”

சித்தி வந்ததும் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, “வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சு.”

“முழுப் பேருமா?”

“முழுப் பேரும்.”

படியில் உட்கார்ந்தாள். “அன்னைக்கு நாங்க கீழ வந்து நிக்கிறோம். உங்கம்மா வண்டியக் காணோம். டீக்கு நிப்பாட்டியிருப்பாகன்னு பேசிச் சிரிச்சிக்கிட்டிருந்தோம் ஆத்தா.” முகத்தைக் கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்து, “பசிக்குது, சோத்தப் போடு” என்றாள்.

நீங்கள் பள்ளத்தில் கிடந்தபோது, கூட விழுந்த ஓர் அக்காவிடம் மணி என்ன என்று கேட்டாயாமே. யார் வருவார்கள் என்று கணக்குப் பார்த்தாயா? இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். அந்த ‘கொஞ்சம்’தான் என் பெட்டி.

ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை. கெட்டுப்போன பிட்டை மிச்சம் இருப்பவை திரும்பக் கொண்டுவந்துவிடும். வீட்டில் சித்தியும் நானும் மிஞ்சினோம், விதி சரியாக வேலை செய்தது. உன் பெயரைத் திருத்தி எடுத்தேன். உன்னை எடுக்க எந்தச் சாட்சி பிட்டும் இல்லை.

அதனால்தான் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மலையாளி மேனேஜர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். “கொள்ளாம் மோளே, நல்ல சாதனம். பக்ஷே ஜீப் எஸ்டேட்டோட வண்டி இல்லல்லோ. காண்ட்ராக்டர்கிட்டப் போய்ச் சொல்லு” என்றார். அவர் மேஜையிலேயே ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. நான் உட்கார்ந்திருக்கும்போதே அதில் யாரிடமோ, ஏலக்காய் மூட்டை பத்திரமாக ஸ்டோரில் இறங்கியதா என்று கேட்டார். மூட்டைக்குச் செட் இருக்கிறது அம்மா.

காண்ட்ராக்டர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. “வண்டி மட்டுந்தான் என்னுது. ஏறுறது எஸ்டேட்டு ஆளு. அங்கன போய்க் கேளு.”

அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்புகிற அலை மாதிரி நான். ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சைத் தின்று, நடுவில் நிற்கிற எனக்கு வெறும் இரைச்சல். ஆனால் இந்த இரைச்சலை என்ன செய்வது என்று இப்போது எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் எழுதினேன். கலெக்டர் ஆபீசுக்கும் லேபர் ஆபீசுக்கும் எழுதினேன். மலைக்குப் போகிற பெண்கள் வீட்டுக்கு வீடு கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வீட்டு ஆட்கள் ஒரே தாளில் போடவில்லை, கேட்டால் சிரிக்கிறார்கள். ஒரு தாளைத் தொலைத்தாலும் எங்கள் வீடுகளைத் தொலைக்க முடியாது.

பதில் வரவில்லை. சித்தி நாளைக்கும் மலைக்குப் போகிறாள். தவமணி அண்ணன் வண்டியில் மட்டும் பெட்டி இருக்கிறது, மற்ற வண்டிகளில் இல்லை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. பச்சை விளக்கு எரியும்வரை பெட்டி எப்படி நிறுத்தாதோ, அப்படி நானும் நிறுத்தமாட்டேன். படிப்பு முடிந்தாலும், சென்னையில் வேலை கிடைத்தாலும், திங்கட்கிழமைதோறும் அவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போகும். இந்த வாரத்துக்கும் எழுதி முடித்துவிட்டேன், ஒரே வரிதான்:

ஆளேற்றும் ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு பெட்டி வையுங்கள். கிடைத்ததா?

உன் வண்டியில் நீ ஏற்றாத மகள்,
ஈஸ்வரி