பஸ்ஸை நிறுத்தியவருக்குப் பொன்னாடை

திங்கள்
மாசியிலேயே கொளுத்துகிறது. எங்கள் ஊர் சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பட்டாசு கம்பெனி வேலை முடிந்து, என் மனைவி வள்ளி மெயின் ரோட்டில் இறங்கி, இருட்டில் கருவேலங்காட்டு வழியாக நடந்து வந்தாள். முழங்கால் வீக்கம். “இப்படியே போனா வேலையை விட்ருவேன், பாத்துக்கிடுங்க.” விட மனமில்லை அவளுக்கு. அங்கே சிரித்துப் பேச ஆள் உண்டு. இங்கே நான்தான்.

செவ்வாய்
பஸ் டெப்போவில் கேட்டேன்: “சிக்கன நடவடிக்கை சார். மேல இருந்து உத்தரவு.” மேலதிகாரிக்குப் போன் போட்டேன்: “கீழே இருந்து வந்த பரிந்துரை.” நடுவில் ஆளே இல்லை போல. கல்லூரியில் என்னைத் தற்காலிக விரிவுரையாளர் வேலையிலிருந்து தூக்கியபோதும் இதே பாட்டு. அந்தப் பிரின்ஸிபாலை மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

புதன்
அச்சகத்தில் என் புரூஃப் திருத்தும் வேலை: கல்யாணப் பத்திரிகை மூன்று, காதுகுத்து ஒன்று. நடுவில் சொந்தமாக ஒரு போஸ்டர் எழுதினேன்:

“சாயங்கால பஸ்ஸை நிறுத்தி அரசுப் பணத்தைக் காத்த வள்ளலே! சனி மாலை பஸ் ஸ்டாப்பில் தங்களுக்குப் பொன்னாடை!”

படம் போடும் கட்டம் காலி; நிறுத்தியது யாரென்றுதான் தெரியவில்லையே. முதலாளி சிரித்துவிட்டு, கழிவுத் தாளில் அடித்துக்கொள்ளச் சொன்னார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன்
விபரீதம். காலிக் கட்டத்தில் கவுன்சிலர் தங்கராசு கும்பிட்டபடி சிரிக்கிறார்! ஊர் முழுக்க ஒட்டியாயிற்று. டிசைனர் கணேசனின் கைங்கரியம்.

“படம் இல்லாம போஸ்டரா சார்? விட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். ஒங்க ஊர் போஸ்டர்னா எப்பவும் அவர் படந்தானே?”

பத்து மணிக்குக் கவுன்சிலரே வந்தார். “எவம்லே இதைப் போட்டது? பொம்பளையாளுக என்னைய மறிச்சு, ‘அண்ணாச்சி, நல்ல காரியம் செஞ்சீக, அளவு சொல்லுங்க, பொன்னாடை எடுக்கணும்’ங்காக!”

மன்னிப்புக் கேட்டேன். “நிறுத்தினது யாருன்னு சொல்லுங்க. படத்தை மாத்திருவோம்.”

நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். கணேசன் டீ வாங்கிக் கொடுத்தான்.

“மீட்டிங்ல நானும் இருந்தேன் சார். ஆள் ஏறாத டிரிப்புன்னு வாசிச்சாக. எல்லாரும் தலையாட்டுனாக. நானும் ஆட்டுனேன்.”

“ஏறுற ஆளை எப்போ எண்ணினாங்களாம்?”

“தீவாளி முடிஞ்ச மறுவாரம்.”

பட்டாசு கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் வாரம்! பஸ்ஸில் காற்றுதான் ஏறியிருக்கும். சொன்னேன். டீயை வைத்துவிட்டு, ஒரு போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு நேரே டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

வெள்ளி
செய்தி இல்லை. வள்ளி இன்றும் நடந்தே வந்தாள்.

சனி
பஸ் வந்தது! படியில் முதல் ஆளாகக் கவுன்சிலர். பின்னால் பெண்கள் கூட்டம், குலவைச் சத்தம். ஒருத்தி கேட்டே விட்டாள்: “அண்ணாச்சி, நிறுத்துனதும் நீங்க, திரும்ப விட்டதும் நீங்களா?”

பொன்னாடை வாங்க வந்த மனிதர் தலையைச் சொறிந்தார். “நிறுத்துன கூட்டத்துல நானும் இருந்தேம்மா. கேக்காம தலையாட்டிட்டேன். தப்புத்தான்.”

இப்படி ஒரு வாக்கியத்தை பதவி நாற்காலியில் இருக்கும் எவர் வாயிலும் கேட்டதில்லை. முதலில் கை தட்டியது நான். எனக்கே எரிச்சல்.

பொன்னாடையை டிரைவருக்குப் போர்த்தினார்கள்.

வள்ளி மெதுவாக இறங்கினாள். “என்ன, பல்லெல்லாம் தெரியுது? வாங்க. முழங்காலுக்கு எண்ணெயைச் சூடு பண்ணுங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போவணும்ல.”

எண்ணெய் காய்ந்துவிட்டது. கூப்பிடுகிறாள்.