வந்தவர்களிடம் மட்டும் கேட்டேன்

சிங்கப்பூர், 12 ஜூன் 1961
மாலை வகுப்பில் இன்றும் சிலர் தூங்கினார்கள். பகலெல்லாம் அலுவலகத்தில் எழுதிவிட்டு வரும் குமாஸ்தாக்கள், குறை சொல்வதற்கில்லை. புள்ளியியல் தாளில் தேறினால்தான் அவர்களுக்கு வேலை நிரந்தரம். கரும்பலகையில் கேலிப்படம் போட்டு நடத்தலாம் என்கிறார் ஓவிய ஆசிரியர் தில்லையம்பலம். "சிரிச்சால் கணக்குப் பயம் போயிடும், பாருங்கோவன்." சென்னையில் எம்.ஏ. படித்தபோது எங்களை யாரும் சிரிக்கவைக்கவில்லை. எனக்கு வயது ஐம்பதை நெருங்கும்போது பொம்மைப் படமா? சிரிப்பு நினைவிருக்கும், கணக்கு மறந்துபோகும்.

19 ஜூன்
சம்மதித்தேன். கதை நான் சொன்னேன், படம் அவர் போட்டார். ஊராரின் உயரத்தை அளந்து, சராசரி கண்டு, சரியாக அந்த உயரத்துக்கு வாசல் வைத்த மேஸ்திரி. பாதிப் பேர் நெற்றியில் பிளாஸ்திரி. முன்னால் நெட்டையான பெண்ணொருத்தி, தலையைப் பிடித்தபடி. வகுப்பு சிரித்தது. நானும் கொஞ்சம். சராசரி மட்டும் போதாது, உயரங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்றும் தெரியவேண்டும் என்று மாணவன் அழகப்பன் தானாகவே சொன்னான். ஆச்சரியம்.

3 ஜூலை
யாரும் தூங்கவில்லை.

10 ஜூலை
படங்கள் தொடரலாமா என்று வகுப்பில் கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தில்லையம்பலத்திடம் தோல்வியை ஒப்புக்கொண்டு, தேக்கா சந்தையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

17 ஜூலை
வகுப்பு முடிந்தும் மாணவி பூவம்மா போகாமல் நின்றாள்.
"வந்தவங்ககிட்ட கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க மிஸ். நூருன்னிசாகிட்ட கேட்டீங்களா?"
நூருன்னிசா வகுப்பிலேயே உயரமானவள். அந்த வாசல் படத்துக்குப் பிறகு, அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் பின்பெஞ்சுப் பையன்கள் "குனிஞ்சு வா லா" என்றார்களாம். ஒரு வாரத்தில் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.
வந்தவர்களை மட்டும் கேட்டு முடிவு செய்யக்கூடாது என்றுதானே பாடம் நடத்துகிறேன்? அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். அலுவலகத்தில் வேலை அதிகம் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன் — சே.

18 ஜூலை
டன்லப் ஸ்திரீட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். பையன்களைக் கண்டிக்கிறேன் என்றேன்.
"அவனுங்கள விடுங்க மிஸ். நீங்களும்தான் சிரிச்சீங்க."
உன்னை நினைத்துப் போட்ட படமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பரீட்சை எழுதாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த படத்தை நீயே போடு, யாரை வைத்து வேண்டுமானாலும் போடு என்றேன்.
"யாரை வேணுன்னாலுமா?"
ஆமாம் என்றேன்.

24 ஜூலை
வந்தாள். சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தலையைவிடப் பெரிய கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, விறைப்பாக ஒரு டீச்சர். பக்கத்தில் எழுதினாள்: "வராதவங்கல்லாம் கை தூக்குங்க."
யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள்.
அச்சு அசல் என் கொண்டை. நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு, சிலரை மட்டும் கேட்டு எல்லோருக்கும் முடிவு சொல்வதில் வரும் பிழையை அந்தப் படத்தை வைத்தே நடத்தினேன்.

11 டிசம்பர்
நூருன்னிசா தேறிவிட்டாள். வேலை நிரந்தரம். அழகப்பன் தேறவில்லை. படங்களால் பயன் உண்டா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது.

8 ஜனவரி 1962
புதிய வகுப்பு. இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.