எந்தப் புகையில் தொண்ணூறு?

அன்பு மகள் வாயாடிக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நீ அவரோடு மட்டும் பேசுகிறாய். அவர் போனை வைத்ததும், நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறார். உனக்குச் சளி பிடித்திருக்கிறதாமே? ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே என்றால் கேட்கவா போகிறாய்?

கீழே தையல் கடை நன்றாக ஓடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, மாடிப் படிக்கட்டு வரை சீருடைத் துணி அடுக்கியிருக்கிறது. என் வேலை உடுப்பை மட்டும் அப்பா வீட்டுக்குள் விடுவதில்லை, அது வெளிக்கொடியில் தனியாகத் தொங்குகிறது. மின் நிலையத்தில் எங்கள் பிரிவில் ஓடும் கரைசலுக்கு மீன் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. "மீன் விக்கிறவளக் கட்டியிருந்தா மீனாவது கெடச்சிருக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்லூரிப் பத்திரிகையில் நீ எழுதிய கட்டுரையை அப்பா வெட்டுத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். நான் எடுத்துப் படித்துவிட்டேன். அனல் மின் நிலையத்தில் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்கடியில் அனுப்புகிறோம் என்பதெல்லாம் கண்துடைப்பு, நிலக்கரியை இன்னும் பல காலம் எரிப்பதற்கு ஒரு சாக்கு என்று எழுதியிருக்கிறாய். அம்மா அந்த வேலையை விடும்வரை வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று நீ சொன்னதையும் அப்பா மென்று விழுங்கிச் சொன்னார். எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. நானாக உன்னைக் கூப்பிடக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். உனக்கு இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று அப்பா ஒருநாளும் ஆச்சரியப்பட்டதில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு இடம் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்துவிட்டோம் என்பார்கள், எந்தப் புகையில் தொண்ணூறு என்று கேளுங்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம்.

போன மாதம் எங்கள் நிலையத்துக்கு ஒரு குழு வந்தது. எங்கள் பிரிவை வைத்துக்கொள்வதா, பிரித்துப் போடுவதா என்று முடிவு செய்கிற குழு. கொதிகலனிலிருந்து வரும் புகை ஒரு கோபுரத்துக்குள் கீழிருந்து ஏறும். மேலிருந்து கரைசல் மழை மாதிரி இறங்கி, புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரைசலை நீராவியால் சூடாக்கினால் வாயு தனியாகப் பிரிந்து குழாயில் போகும். இதற்கு நீராவி கொடுப்பதால் மின்சாரம் குறைகிறது என்று நிலையத்தில் பாதிப் பேருக்கு எங்கள் மேல் கடுப்பு.

குழு வருவதற்கு முந்தின நாள் நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கால்வாசிப் புகையை மட்டும் கோபுரத்துக்கு அனுப்பலாம், மீதி புகைபோக்கி வழியாக வழக்கம்போலப் போகட்டும் என்றார். கோபுரத்துக்கு வந்ததில் தொண்ணூறு பிடித்தால் திரையில் தொண்ணூறு என்றுதானே காட்டும்? "நாம பொய் எதுவும் சொல்லலையேம்மா, அவங்க கேட்டா சொல்லிடலாம்" என்றார். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை, பிரிவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் தலை ஆடத்தான் போனது. அந்த நேரம் பார்த்து நீ இடுப்பில் கைவைத்து எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது. முடியாது சார், முழுப் புகையையும் திறக்கிறேன், என்ன வருகிறதோ அதைக் காட்டுவோம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் முழுவதையும் திறந்தேன். திரையில் வந்தது அறுபத்தொன்று. அதுவும் நிலைக்கவில்லை. குழு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோபுரத்துக்குள் கரைசல் அடுப்பில் வைத்த பால்போல நுரைத்துப் பொங்கி, எல்லாம் தானாக நின்றுபோனது. மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து தலைவர் என்னிடம் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார், உன்னை மாதிரியே.

ஏன் நுரைத்தது என்று துருவிப் பார்த்தோம். கோபுரத்துக்கு வருமுன் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் அறையில், சாம்பலை இழுத்துப் பிடிக்கும் மின் தகடுகளில் பாதி வேலையே செய்யவில்லை. பொடிச் சாம்பல் கரைசலில் கலந்து நுரையைக் கிளப்பியிருக்கிறது. இதுவரை சோதனைக்காகக் கொஞ்சம் புகையை மட்டும் விட்டுப் பார்த்ததால் அது வெளியே தெரியவில்லை. அன்று நான் தலையாட்டியிருந்தால் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், பழுது உள்ளேயே கிடந்திருக்கும். இப்போது தகடுகளை மாற்றுகிறோம், கரைசல் முழுவதையும் வடிகட்டுகிறோம். என் பிரிவு ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார்கள், ஆனால் ஒருவரும் வராமல் இருப்பதில்லை. மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை பார்க்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதிலும் தோற்றால் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள், புகை பழையபடி மொத்தமும் மேலே போகும். நான் விடுவதாக இல்லை.

நிலக்கரியே வேண்டாம் என்கிறாய். அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. நீயும் உன் கூட்டாளிகளும் போராடி மூட வையுங்கள். மூடும்வரை எரியுமே, அந்தப் புகையை யார் பிடிப்பது? அதற்காகத்தான் அங்கே இருக்கிறேன். வேலையை விடமாட்டேன். இதை அப்பா வழியாகச் சொல்லி அனுப்பப் பிடிக்காமல்தான் நானே எழுதுகிறேன்.

ஒரு பயமும் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன. அடுத்த முறை தலைவர் யாரிடமாவது சொல்லி அனுப்புவார், பாதிப் புகையை மட்டும் திறக்கட்டும் என்று. நான் களைத்துப் போயிருக்கிறேன். சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த நாளில் வெளியாட்களும் வந்து பார்க்கலாம் என்று குழு சொல்லியிருக்கிறது. நீ வா. எனக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். திரைக்கு முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, எந்தப் புகையில் என்று என்னைக் கேள். வீட்டுப் படி ஏற மனமில்லை என்றால் கடையில் அப்பாவோடு இரு, நான் இறங்கி வருகிறேன். மீன் வாடையை மட்டும் பொறுத்துக்கொள்.

வாயை அடக்கு, வாயை அடக்கு என்றே உன்னை வளர்த்தேன். இப்போது சொல்கிறேன், அந்த வாய் ஒருநாளும் அடங்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உனக்குப் பதில் சொல்லக் காத்திருக்கும்
அம்மா